நாயனமும் நோட்டும்: சேலத்தில் வரலாறு படித்துக்கொண்டே வாசிக்க நினைப்பவர்களுக்கு

சித்திரை மாதம். காலை ஆறு மணிக்குச் சேலம் குகைப் பேட்டையில் ஒரு முகூர்த்தம், பத்து மணிக்குக் கல்லூரியில் செமஸ்டர் பரீட்சை. கெட்டிமேளம் முடிந்த கையோடு நாயனத்தை, அதாவது நாதசுரத்தை, தவில்கார மாமாவிடம் கொடுத்துவிட்டு, நெற்றிச் சந்தனம் காய்வதற்குள் பஸ் பிடித்துப் போய்த் தென்னிந்திய வரலாறு தாளை எழுதினேன். எழுதி முடித்தேன் என்பது மட்டும் உண்மை. மார்க்கைக் கேட்காதீர்கள்.

இப்படி இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது வீடு தேடி வருகிறார்கள். வயலின் வாசிக்கிற தங்கச்சி, அம்மாபேட்டையிலிருந்து மிருதங்கம் தூக்கி வருகிற தம்பி, கூத்துக்கு முகவீணை ஊதுகிறவர். எல்லாரிடமும் திண்ணையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். எழுதுகிறவன் நாயனக்காரன், உதாரணமெல்லாம் நாயனமாகவே இருக்கும். உங்கள் கருவிக்குத் தகுந்தபடி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன்னால்

பி.ஏ. வரலாறு படிக்கச் சேலத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அரசு கலைக் கல்லூரி 1857இல் தொடங்கியது. பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் பலவும் அதன் கீழ்தான் இருக்கின்றன. சிக்கல் இசைப் பக்கம். மாவட்ட அரசு இசைப் பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு, மூன்று வருஷப் படிப்பு. ஆனால் அதுவும் பகல் வகுப்பு, கல்லூரியும் பகல் வகுப்பு. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் உட்கார யாருக்கும் உடம்பு இல்லை.

வழி மூன்று இருக்கிறது.

ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் இசைப் பள்ளியை முடித்துவிட்டு, பிறகு கல்லூரிக்குப் போவது. மூன்று வருஷம் பின்னால் போகிறோமே என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். போடட்டும். கை திருந்துவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டு, பகலில் கல்லூரி, காலையும் மாலையும் குரு. கூடவே அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் இரண்டையும் எழுதிவிடுங்கள். பின்னாளில் பள்ளியில் இசை ஆசிரியராகும் யோசனை இருந்தால் அந்தச் சான்றிதழ் கை கொடுக்கும். என் வழி இதுதான்.

மூன்று, இரட்டைப் பட்டம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்புக்கு அனுமதி கொடுத்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. அல்லது ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை. தொலைநிலைப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. காகிதத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டாவது இடத்தில் சேரப் போகும்போது அசல் டி.சி.யைக் கேட்பார்கள், அது முதல் கல்லூரியில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு அலுவலகத்திலும் இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கத்தையும் கல்லூரி காலண்டரையும் பக்கத்தில் விரியுங்கள்

ஜூன் மாதமே இந்த வேலையை முடிக்க வேண்டும். நவம்பரில் ஒரு செமஸ்டர் பரீட்சை, அது ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தத்தில் விழும். ஏப்ரலில் இன்னொன்று, அது பங்குனி, சித்திரை. இரண்டு சீசனிலும் எந்தெந்தத் தேதிக்கு அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று மேள செட் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் 'பரீட்சை இருக்கு' என்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை.

ஆடியில் கல்யாணம் இல்லை, படிக்கலாம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். சேலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் ஊரிலுள்ள மாரியம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் மேளம். குகையில் சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில் வரும் வண்டி வேடிக்கை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு வீடு திரும்பி, காலை ஒன்பதரை வகுப்பில் கண் சொருகி உட்கார்ந்திருப்பீர்கள். உண்மையிலேயே காலியாகக் கிடைப்பது மார்கழிதான். விடியற்காலை கோயில் வாசிப்பு முடிந்தால் நாள் முழுக்க உங்களுடையது. ஆவணம் தேடிப் போகும் வேலையெல்லாம் மார்கழிக்கு ஒதுக்குங்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கல்லூரி வேலையாக வெளியே போகிறோம் என்று கொடுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தின் ஆயுசு. இரண்டாம் வருஷம் கல்லூரிக்காகவே ஒரு போட்டிக்கு வாசிக்கப் போனேன், ஓ.டி. கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கடிதம் அலுவலகத்தில் எங்கேயோ காணாமல் போய், நான்கு நாளும் ஆப்சென்ட் விழுந்தது. எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. அபராதம் கட்டித்தான் ஹால் டிக்கெட் வாங்கினேன். அன்றிலிருந்து எந்தக் கடிதம் கொடுத்தாலும் நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நீங்களும் வாங்குங்கள்.

சாதகம் பண்ண, அதாவது தினப் பயிற்சிக்கு, இடம்: ஹாஸ்டலில் நாயனம் ஊதினால் முதல் நாளே வார்டன் வருவார். நான் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக் கரைக்குப் போய்விடுவேன், நாலரையிலிருந்து ஆறு வரை. தண்ணீர்ப் பக்கம் ஊதினால் நம் பிசிறு நமக்கே திரும்பிக் கேட்கும். வயலின்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, புண்ணியம் செய்தவர்கள்.

ஒரே பொருளைப் பிடியுங்கள்

வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. வாசிப்பைத் தனி மூட்டையாகவும் படிப்பைத் தனி மூட்டையாகவும் வைத்துக்கொண்டு, இரண்டையும் இரண்டு தோளில் சுமக்கிறார்கள். மூன்றாம் வருஷப் புராஜெக்ட் வந்ததும் 'தமிழிசை வரலாறு' என்று ஒரு தலைப்பு வைத்து, நாலு புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் அவர்கள் விரலுக்கு ஒரு வேலையும் இல்லை. விரலும் பேனாவும் சேர்ந்து போகக்கூடிய ஒரு சின்னப் பொருளைப் பிடித்தால் சுமை பாதியாகக் குறையும்.

எனக்கு அது கிடைத்தது ஏற்காட்டில்.

தை மாதம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே ஒரு எஸ்டேட் கல்யாணம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் போர்வை தேவைப்படாத விடியற்காலையில் அங்கே பல் அடிக்கும். சுருதிப் பெட்டியைப் போட்டு ஊதினேன். நாயனம் கீழே நிற்கிறது. ஊதும் நாணல் துண்டான சீவாளியை வாயில் வைத்து ஊற வைத்தேன், மாற்றிப் பார்த்தேன், சீவாளியைச் செருகும் உலோகக் குழாயான கெண்டையில் நூலைக் குறைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அப்போதும் ஒரு மயிரிழை குறைவு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும்; அதனால் குழல் கருவி எதுவானாலும் சுருதி இறங்கும். பெட்டிக்குள் இருப்பது மின்சாரம், அது அசையவில்லை. பெட்டி வருவதற்கு முன் சுருதிக்கு ஒத்து என்ற குழலை ஒருவர் கூடவே நின்று ஊதுவார். தவில்கார மாமா சிரித்தார்.

"கண்ணு, மெஷினுக்குக் குளிராது. ஒத்து இருந்த காலத்துல நாயனம் எறங்குனா அதுவும் கூடவே எறங்கும். இப்ப நீ மட்டும் எறங்குற."

"ஒத்து எப்ப மாமா நின்னுச்சு?"

"அது… அப்படியே நின்னு போச்சு."

இந்த 'அப்படியே நின்னு போச்சு'தான் என் எம்.ஏ. ஆய்வேடு. நம் சுற்றுவட்டார செட்டுகளில் ஒத்துக்காரர் எப்போது காணாமல் போனார்? புத்தகத்தில் பதில் இல்லை. ஆனால் கல்யாண ஆல்பத்தில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று தெரிந்த வீடுகளில் பழைய கறுப்பு வெள்ளை ஆல்பத்தைக் கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளை அழைப்பு படத்தில் மேளக்காரர்கள் ஓரத்திலாவது விழுந்திருப்பார்கள். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை, சில சமயம் தேதி. தேதி இல்லாவிட்டால் பத்திரிகை அந்த வீட்டிலேயே எங்காவது கிடக்கும். ஒரு படத்தில் பெரிய நாயனக்காரருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன், கன்னம் இரண்டும் உப்பி, ஒத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கண் கேமராவைப் பார்க்கவில்லை, குருவின் விரலைப் பார்க்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒத்து ஊதுகிறவன் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் பையன். மூச்சு நிற்பதற்கு அதுவே பயிற்சி, செட்டுக்குள் நுழைவதற்கு அதுவே வாசல். பெட்டி வந்ததும் ஒரு ஆள் கூலி மிச்சமாயிற்று. கூடவே அந்த வாசலும் அடைபட்டது. இதைத்தான் எழுதினேன். ஏற்காட்டில் சுருதி இறங்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

உங்களுக்கு வேறு பொருள் கிடைக்கலாம். மேலே சுருதி கொண்ட திமிரி நாயனம் போய், நாதசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பெயரோடு சேர்த்துப் பேசப்படும், சுருதி இறங்கிய பாரி நாயனம் உங்கள் ஊர்க் கோயிலுக்கு எப்போது வந்தது என்று விசாரிக்கலாம். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. அந்தப் படங்களின் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தாலும் அதை வைத்து ஒரு புராஜெக்ட் எழுதலாம். கல்லூரியிலும் மேடையிலும் ஒரே பொருள் என்றால் நேரம் தானாகக் கிடைக்கும்.

பழைய இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

பாடுகிறவர்களுக்கு நான் சொல்வது சேலம் கோதாவரி. கிராமபோன் கம்பெனி இந்தியாவில் பதிவு தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். அதற்கடுத்த சில வருஷங்களிலேயே நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்தப் பாடகியின் குரல் தட்டில் ஏறிவிட்டது. பழைய தட்டு சேகரிப்பவர்களைக் கேட்டால் டிஜிட்டல் பிரதி கிடைக்கும்.

கிடைத்ததும் உடனே கூடப் பாட ஆரம்பிக்காதீர்கள். முதலில் வேகம். அந்தக் காலத் தட்டெல்லாம் துல்லியமாக நிமிஷத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், குரலும் கீச்சென்று மாறும். ஆகவே 'அந்தக் காலத்துப் பெண்கள் இத்தனை கட்டையில் பாடினார்கள்' என்று ஒரே ஒரு பிரதியை வைத்து எழுதாதீர்கள். அதே பாடகியின் இரண்டு மூன்று தட்டை எடுத்து, போனில் டியூனர் ஆப் வைத்து ஆதார சுருதி பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்து வந்தால் கொஞ்சம் நம்பலாம்.

அடுத்து நேரம். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள் ஒரு கீர்த்தனையை அடைக்க வேண்டுமென்றால் காலப்பிரமாணம் பறக்கும், சரணம் வெட்டுப்படும். கச்சேரியிலும் இப்படித்தான் பாடினார்கள் என்று முடிவு கட்டினால் தப்பு.

இதெல்லாம் பார்த்த பிறகு ஸ்வரப்படுத்துங்கள். கையால் எழுதுங்கள். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, எழுத முடியாத இடத்தில் கோடு போட்டு வையுங்கள். வாயால் பாடிப் பழகினால்தான் அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

பாடியவரைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாக இருக்கட்டும். அந்தத் தலைமுறைப் பெண் கலைஞர்கள் பலர் தேவதாசி மரபில் வந்தவர்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. பேரன் பேத்திகள் இன்றும் இருப்பார்கள். அவர்கள் சொல்ல விரும்பாததை நீங்கள் தலைப்பாகப் போட வேண்டாம்.

எழும்பூர் போகும்போது

தமிழிணையம் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தபடியே பழைய நூல்களைப் படிக்கலாம், அதை முதலில் முடித்துவிடுங்கள். பாட்டுப் புத்தகங்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். துறைத் தலைவர் கடிதம், கல்லூரி அடையாள அட்டை, நகல் இரண்டிரண்டு.

கோயில் மேளம் பற்றித் தேடுகிறவர்கள் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858இல் இனாம் கமிஷன் அமைந்த பிறகு, எந்த ஊரில் யாருக்கு என்ன ஊழியத்துக்காக மானிய நிலம் இருக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். மேளம் வாசிக்க விட்ட நிலமும் அதில் வரும். நம் ஊர்க் கோயிலில் 1860களில் நாயனம் ஊதினவருக்கு எத்தனை ஏக்கர் என்று படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். அன்று நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

ஒரு விஷயம், இதில் எல்லாரும் ஒருமுறை வழுக்கி விழுவார்கள். பழைய ஆவணத்தில் 'சேலம் ஜில்லா' என்றால் இன்றைய சேலம் அல்ல. தர்மபுரி பிரிந்தது 1965இல், நாமக்கல் 1997இல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004இல். ஒசூர் வரை எல்லாம் ஒரே ஜில்லா. உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தத் தாலுகா என்று கண்டுபிடித்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெசட்டியரும் அதற்கு உதவும். கலெக்டர் ஆபீஸ் கண்ணால் எழுதியவை என்பதை மட்டும் மறக்காமல் படியுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

முதல் நாள் ரெக்கார்டரை எடுக்காதீர்கள், கருவியை எடுத்துப் போங்கள். தாரமங்கலம் பக்கம் ஒரு பெரியவர் நான் கேட்ட எதற்கும் 'ஆமாங்க, இல்லீங்க'வுக்கு மேல் பேசவில்லை. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி ஒன்று வாசிக்கட்டுமா ஐயா என்றேன். பாதியில் நிறுத்தி, "இது ராத்திரி பொறப்பாட்டுக்கு இல்ல தம்பி, இப்படி வாசிச்சா சாமி நடக்காது, ஓடும்" என்றார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவரே பேசினார்.

வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'மேட்டூர் டேம் தெறந்தப்ப நீங்க பொறந்தாச்சா?' என்று கேளுங்கள். அது 1934. அதை வைத்து முன்னும் பின்னும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேச்சைப் பதிவு செய்ய அனுமதி, அதை வெளியிட அனுமதி, இரண்டும் வேறு வேறு, தனித்தனியாகக் கேளுங்கள். போகும்போது ஒரு செட் தட்டுவடை வாங்கிப் போனாலும் தப்பில்லை, பல் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசு

சுருக்கமாக: சீவாளிக்கும் பஸ்ஸுக்கும் முகூர்த்தக் காசு போதும், சென்னைப் பயணத்துக்குப் போதாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெற்றோர் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை வளர்மணி விருது தருகிறது. விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டாம்.

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒரு சனிக்கிழமை

பத்து நிமிஷம் பேசி, ஐந்து நிமிஷம் வாசித்துக் காட்ட அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், பரீட்சை வாங்குகிறவர்களுக்கும் அலுப்பு இருக்குமல்லவா. ஆனால் மேடையில் 'இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொல்ல வாய் அரித்தால், அதற்கு முந்தின சனிக்கிழமை ஈரோடு பஸ் ஏறி, அங்கிருந்து அறச்சலூர் போய்வாருங்கள். நாகமலைக் குகையில், பழைய தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. 'த தை தா தை த' என்று தொடங்குகிறது. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுதான். அந்த எழுத்தை அமைத்தவர் மணிவண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. ஆட்டத்துக்கு உரிய சொற்கட்டா, தாளத்துக்கு உரியதா என்று அறிஞர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன வேகம், எந்தக் கருவி, யார் ஆடினார்கள் எதையும் கல் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எந்த நடையில் சொன்னீர்களோ அது உங்கள் நடை, சாத்தனுடையது அல்ல. வைவாவில் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் போதும்.

தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறுவதற்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள், பாறை பாழாகும். டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு எழுத்தாக நிழல் விழுந்து எழும்பும்.